வெள்ளாமைக்காரன் கேட்ட கேள்வி

1983 நவம்பர் 20, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘தி டே ஆஃப்டர்’ என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். நம் நாட்டில் அப்போது கறுப்பு ஜூலை நடந்து நாலு மாதம் ஆகவில்லை. ரூபவாஹினி தொடங்கி இரண்டு வருடம் நிறையவில்லை. நமக்கு நம்முடைய நெருப்பே பெரிசாக இருந்த காலம் அது.

நாடகம் நடப்பது கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரைச் சுற்றி. வயல் பக்கத்தில் நிலத்துக்கடியில் வைத்திருந்த அணு ஏவுகணைகள் புகை கக்கி மேலெழும். சனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கிருந்து போனால் அங்கிருந்தும் வரும் என்பது அந்தக் கணத்தில்தான் அவர்களுக்கு உறைக்கும். குண்டு விழும் காட்சியைப் பற்றியே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிது பிற்பகுதியில் வரும் ஒரு கூட்டம். மிஞ்சிய விவசாயிகளிடம் ஓர் அதிகாரி, நஞ்சேறிய மேல்மண்ணைச் சுரண்டி அகற்றிவிட்டுப் பயிர் செய்யுங்கள் என்கிறார். சுரண்டின மண்ணை என்ன செய்வது என்று அவர்கள் கேட்கிறார்கள். அதிகாரியிடம் பதிலில்லை. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ ஒரு வெள்ளாமைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: “அந்த மண்ண எங்க கொண்டுபோய்க் கொட்டுற தம்பி?” என்றுதான் அவரும் கேட்பார்.

ஜனாதிபதி ரீகன் ஒளிபரப்புக்கு முன்பே, அக்டோபரில், படத்தைப் பார்த்துவிட்டார். மனம் மிகவும் சோர்ந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1987 டிசம்பர் 8ஆம் திகதி அவரும் கொர்பச்சேவும் நடுத்தர வீச்சு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை இந்த நாடகத்தின் கணக்கில் எழுதுவோர் உண்டு. அது கொஞ்சம் மிகை. சோவியத்திலே ஆட்சி மாறியதும், ஐரோப்பியத் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டதும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. சாதாரணப் பார்வையாளர் பயந்தார். ஆனால் அணு ஆயுதம் பற்றிய அவருடைய அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை என்றே அப்போது எடுத்த கருத்துக்கணிப்புகள் காட்டின.

ஏன் மாறவில்லை? நம் கரையிலே இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரமெல்லாம் மையித்து. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் குலுங்கி எச்சரிக்கை வந்தபோது, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பயத்துக்கு ஓடுவதற்கு ஒரு திசை இருந்தது. லாரன்ஸ்காரனுக்கு எந்தப் பக்கம் மேற்கு?

இது தூரத்து நாட்டு விவகாரமுமல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கு ஐம்பது அணுகுண்டு போட்டால் எழும் புகைக்கரி வெயிலை மறைத்து, ஆசியப் பருவமழையையே குறைத்துவிடும் என்று 2007இல் விஞ்ஞானிகள் கணித்தார்கள். நம் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைப்பது. குண்டு இங்கே விழவே தேவையில்லை.

இலங்கையர் இதில் சும்மா இருக்கவில்லை. இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் யோசனையை இலங்கை முன்னின்று கொண்டுபோய், 1971இல் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேற்றியது. பின்னர் 1996 ஜூலை 8இல் சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதம் பற்றி ஆலோசனைக் கருத்துச் சொன்னபோது நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்தார்கள். தலைவர் முஹம்மது பெஜாவி, அல்ஜீரியர், தம் தீர்மான வாக்கால் முடித்து வைத்தார்: பொதுவாகச் சட்டவிரோதம், ஆனால் ஒரு நாடு அழியும் தறுவாயில் என்ன என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

அந்த ‘ஆனால்’ என்பதை ஏற்காமல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் நம் கிறிஸ்டோபர் வீரமந்திரி. எந்தச் சூழலிலும் கூடாது என்றார். அதற்கு அவர் எடுத்துவைத்த ஆதாரங்களில் இஸ்லாமியப் போர்ச் சட்டமும் உண்டு: அம்பிலும் வாளிலும் நஞ்சு தடவக்கூடாது, பெண்களையும் பிள்ளைகளையும் தொடக்கூடாது, பயிரையும் கால்நடையையும் அழிக்கக்கூடாது.