ஓட்டில்லாதவர்களுக்காக ஒரு உறுப்பினர்: 1854-இல் லண்டன் பாராளுமன்றத்தில் சென்னை மாகாணத்து விவசாயி

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அடிவாரமான காரவள்ளியை அடைவதற்கு முன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்துதான் போக வேண்டும். அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் வெகு முன்பு, இந்தச் சுற்றுவட்டாரம் அடங்கிய சேலம் ஜில்லாவில் வாழ்ந்த ஒரு விவசாயிக்கு மலை ஒரு பிரச்சினையே அல்ல. நிலவரிதான் பிரச்சினை. அந்த வரி வசூலிக்கப்பட்ட விதம், பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் லண்டன் காமன்ஸ் சபையில் ஒரு நாள் விவாதமானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலம் சீமையும் ஒன்று. அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல், விவசாயியிடமே பட்டா கொடுத்து நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. பள்ளிப் புத்தகத்தில் இதை ஒரு சீர்திருத்தம் என்று படிக்கிறோம். தவறில்லை. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வரியைப் பணமாகவே கட்ட வேண்டும். கிஸ்து கிஸ்தாக, குறித்த மாதத்தில் கட்ட வேண்டும். விளைச்சல் விற்றதா இல்லையா என்பதைக் கிஸ்து கேட்காது. தீர்வையோ பல இடங்களில் நிலத்தால் தாங்க முடியாத அளவு உயரம்.

வசூல் குறைந்தால் கலெக்டர் தாசில்தாரைக் கேட்பார், தாசில்தார் மணியக்காரரைக் கேட்பார், சேவகர்கள் விவசாயியைக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட முறைக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில ஆவணங்களில் அப்படியே இடம் பிடித்துவிட்டன. ஒன்று கிட்டி, மற்றது அண்ணாந்தாள். கிட்டிப்புள் விளையாட்டில் வரும் கிட்டி மட்டுமே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். அன்றைய கிட்டி, ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரத்துண்டுகள். நடுவே விரல்களையோ கையையோ வைத்து, தாங்க முடியாத வரை அழுத்துவார்கள். அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனிய வைத்து, அவனுடைய துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலாகவும் கால் விரல்களுக்குக் கீழாகவும் போட்டுக் கட்டிவிடுவது. சில சமயம் முதுகில் ஒரு கல்லும் ஏற்றப்படும். வெயிலில் நிறுத்துவது, சாப்பிட விடாமல் தடுப்பது எல்லாம் சாதாரணம்.

புகார் கொடுத்தால் என்ன? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி கலெக்டரே மாஜிஸ்திரேட். வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். அடித்தவரைப் பற்றிய புகார் விசாரணைக்காக அடித்தவரிடமே திரும்பி வரும்!

சென்னைப் பட்டணத்தில் இதைப் பற்றி முதலில் அமைப்பாகப் பேசியவர் காசுலு லட்சுமிநரசு செட்டி. வியாபாரி. 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை 1844-இல் இருந்து நடத்தியவர். 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கி, மாகாணத்தின் குறைகளை நீண்ட மனுவாக எழுதி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். காங்கிரஸ் பிறப்பதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நேரமும் பொருத்தமாக அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்ததால், வழக்கமாக இந்தியா என்றதும் காலியாகிவிடும் பாராளுமன்ற இருக்கைகளில் அப்போது கொஞ்சம் ஆட்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஹென்றி டான்பி சீமூர். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பூல் என்ற சிறிய துறைமுக ஊரின் உறுப்பினர். அமைச்சர் அல்ல, பின்வரிசைக்காரர். லண்டனில் இயங்கிய இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தில் முக்கியமானவர். மனுவைப் படித்துவிட்டுப் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. 1853-இல் நேரில் கிளம்பி சென்னை மாகாணத்துக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டியின் உதவியோடு சுற்றிப் பார்த்து விவசாயிகளை விசாரித்தார். பூல் ஊர் வாக்காளர்களுக்கு இதனால் நயா பைசா பிரயோஜனம் கிடையாது. அடுத்த தேர்தலில் ஒரு ஓட்டுகூட இதற்காக விழப்போவதில்லை.

சென்னை மாகாணத்துக்கு அந்தச் சபையில் ஆளே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. எழுபது ஆண்டுகளுக்கு முன், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள அங்கே தங்களுக்கென்று உறுப்பினர்களை வைத்திருந்தார்கள். 1785-இல் எட்மண்ட் பர்க் அதைக் கிழித்துப் பேசினார். வட்டிக்காரனுக்கு அன்றே கிடைத்த இடம், வரி கட்டியவனுக்குக் கிடைக்க 1854 வரை ஆனது.

1854 ஜூலை 11 அன்று நியூகாசில் தொகுதியின் உறுப்பினர் பிளாக்கெட், சென்னை மாகாணத்தின் நில உரிமை முறை பற்றி விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். அந்த விவாதத்தில்தான் சித்திரவதை என்ற சொல் பகிரங்கமாக வந்தது. அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்ற மறுப்பும் உடனே வந்தது. கம்பெனி இயக்குநர்கள் சிலர் அதே சபையில் உறுப்பினர்களாகவும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் நேரில் பார்த்துவிட்டு வந்த ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு முழுதாக மறுப்பது கஷ்டம். விசாரணைக்கு உத்தரவு போனது. செப்டம்பரில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் சென்னை அரசு மூன்று பேர் கொண்ட கமிஷனை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். நார்ட்டன் ஒரு பாரிஸ்டர். மாகாண நிர்வாகத்தின் சீர்கேட்டைப் பற்றி அந்த ஆண்டுதான் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். (பிற்காலத்தில் காங்கிரசில் பேர் பெற்ற வழக்கறிஞர் ஏர்ட்லி நார்ட்டன் இவருடைய மகன்.)

கமிஷன் உட்கார்ந்தது சென்னையில். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒருவர் போக வேண்டுமானால் முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ரயில் கிடையாது. ராயபுரத்தில் இருந்து முதல் ரயில் புறப்பட்டதே 1856 ஜூலையில்தான். கால அவகாசமும் சில மாதங்கள்தான். அப்படியிருந்தும் 1,959 புகார்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் 519 பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள், 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள்.

அதில் ஒரு வாக்குமூலம் பல புத்தகங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. மழை போதாமல் நஞ்சைப் பயிர் போய்விட்டது. ஜமாபந்தியில் பழைய ஒப்பந்தப்படி தள்ளுபடி கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. பட்டா வாங்க மறுக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தாசில்தாரின் ஆட்கள் அவர்களை வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றி, சுடுமணலில் நிறுத்துகிறார்கள். கலெக்டரிடம் மனு கொண்டு போனால் அவர் வாங்கவில்லை. செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனால் அது மனுவைக் கலெக்டருக்கே அனுப்பி வைக்கிறது. கடைசியில் சொத்து ஜப்தியாகி ஏலம் போகிறது. பெண்களையும் விடவில்லை, அவர்களுக்கும் கிட்டி போடப்பட்டது என்று அந்த மனிதர் சொல்லி முடிக்கிறார்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை பரவலாக நடக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. ஏழை ஒருவன் நியாயம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் விளக்கியது. ஆனால் பழியை மட்டும் கவனமாக இறக்கி வைத்தது. தவறு உள்ளூர்ச் சிப்பந்திகளுடையது, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்பதே அதன் முடிவு. கிட்டியைப் பிடித்த கை உள்ளூர்க் கை என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிஸ்தை நிர்ணயித்ததும், பாக்கியைக் கேட்டு நெருக்கியதும், மனுவைத் திருப்பி அனுப்பியதும் யார்? 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் எழுப்பினார். சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது.

பலன் என்று பார்த்தால், 1859-இல் 24-ஆம் சட்டமாகச் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் வேலை தாசில்தாரிடம் இருந்து பிரிக்கப்பட்டு, தனி இலாகாவானது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது, வாக்குமூலம் வாங்கவோ பாக்கியைக் கட்ட வைக்கவோ ஒருவரைத் துன்புறுத்துவது 330-ஆம் பிரிவின்படி குற்றமானது. அந்தப் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று, வரிப் பாக்கிக்காக ஒரு ரெவின்யூ அதிகாரி ஒருவரைச் சித்திரவதை செய்வது! 2024 ஜூன் முடிய அந்தச் சட்டம் நடப்பில் இருந்த வரை இந்த உதாரணமும் அதில் இருந்தது. எங்கிருந்து வந்த உதாரணம் என்று படித்த சட்ட மாணவர்கள் எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ தெரியாது. போலீஸ் தனியானதால் காவல் நிலையத்தில் அடி நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வசூல்காரனும் போலீஸ்காரனும் ஒரே ஆளாக இருந்த நிலை போனது, அவ்வளவுதான்.

பிளாக்கெட் 1856-இலேயே, நாற்பது வயதாகும் முன் காலமானார். சீமூர் 1855-இல் பின்வரிசையை விட்டு எழுந்து, இந்திய விவகாரங்களைக் கவனித்த கண்காணிப்பு வாரியத்தின் செயலாளர்களில் ஒருவரானார். அதாவது, தான் கேள்வி கேட்ட அரசாங்கத்திலேயே போய் உட்கார்ந்தார். லட்சுமிநரசு செட்டி 1863-இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். பொதுக்காரியங்களில் பெரும் பணத்தைச் செலவழித்த அவர் 1868-இல் வறுமையில் இறந்தார். சேலம் ஜில்லாவின் விவசாயிகள், சொத்து இருக்கிறதா படிப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்காமல் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கென்று ஒரு உறுப்பினரை அனுப்பியது 1952 பொதுத்தேர்தலில்தான். அப்போது பாராளுமன்றம் டெல்லியில் இருந்தது.