படம் போட்டால் நிரல் வருமா?

"மெஷினே எழுதிட்டா உன் வேலை என்னாகும்?" பொட்டி தட்ட ஊர்விட்டு வந்த நம் வீடுகளில் இந்தக் கேள்வி புதுசில்லைங்க. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா (நடிகை இல்லைங்க!), இவார் ஜேக்கப்சன் மூவரும் 1995 வாக்கில் ரேஷனல் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கொன்றாக வைத்திருந்த வரைபட முறைகளை யூஎம்எல் என்று ஒன்றாக்கினார்கள். 1997 நவம்பரில் ஓஎம்ஜி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. ரேஷனல் ரோஸில் கட்டங்களை வரைந்து பொத்தானை அமுக்கினால் ஜாவா நிரல் வரும்.

வந்தது எலும்புக்கூடுதான்: கிளாஸ் பெயர், மெத்தட் பெயர். சதையை நாம்தான் வைத்தோம். நிரலை மாற்றியதும் படம் பழசாகிவிடும். 2003-ல் ஐபிஎம் ரேஷனலை வாங்கியது. நம் பிழைப்பு ஓடியது.

இன்றைய ஏஐ சதையையும் வைக்கிறது. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டறியவும், வந்தது சரிதானா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன்.