ரசம்

ரசம் என்பது புளிப்புச் சாற்றில் மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை முதலிய சரக்குகளைச் சேர்த்து நுரை கட்டும்வரை சூடாக்கி இறக்கும் நீர்த்த உணவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சோற்றில் பிசைந்தும் தனியே குடித்தும் உண்ணப்படுகிறது. கன்னடத்தில் ஸாரு என்றும் தெலுங்கில் சாரு என்றும் வைணவர் இல்லங்களில் சாத்தமுது என்றும் வழங்கும். சிங்களவரின் தம்பும் ஹொதி இதற்கு நெருங்கிய உறவு. நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் தாளித்தால் இது முழுக்க முழுக்கத் தாவர உணவாகும். உடலின் அழற்சியைத் தணிக்கத் துணைசெய்பவை என்று இன்று பேசப்படும் மஞ்சள், மிளகு, பூண்டு, பருப்பு ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்க்கும் எளிய வீட்டுச் சமையல் இது.

வரலாறு

ரசத்தின் உயிர்ச்சரக்கு மிளகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள் மிளகுக் கொடியின் தாயகம். யவனர் முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த பொருள்களுள் மிளகு மூட்டைகளையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்த கறி ஒன்று வருகிறது. மலைபடுகடாம் புளியும் மோரும் மூங்கிலரிசியும் சேர்ந்து கொதிக்கும் உலையைக் காட்டுகிறது. ஆக, ரசத்துக்கு வேண்டிய காரமும் புளிப்பும் மணமும் சங்க காலச் சமையலிலேயே அமைந்திருந்தன.

சீரகமும் பெருங்காயமும் மேற்காசிய வணிகத்தின் வழியே வந்து சேர்ந்தவை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நிவேதனத்துக்கு ஒதுக்கிய பொருள்களாக மிளகு, சீரகம், கடுகு, புளி ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளையும் பெருங்காயத்துக்கு இந்தியச் சமையலறைகள் இறக்குமதியையே நம்பியிருந்தன. 2020ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் அரசு ஆய்வு நிறுவனம் அதன் நாற்றுகளை நட்டது.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு வந்ததை அடுத்த நூற்றாண்டில், போர்த்துகீசியர் வழியே அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இங்கு வேரூன்றியது. தக்காளி அதற்கும் பின்னர் பரவியது. எனவே ரச வகைகளுள் மூத்தது மிளகு ரசமாக இருக்கலாம். மிளகாய் வற்றலும் தக்காளியும் சேரும் வகைகள் பிற்காலக் கிளைகள்.

சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் மிளகுத் தண்ணீரை முல்லிகாடானி என்று தம் மேசைக்குக் கொண்டுசென்றனர். ஐதர் அலியிடம் சிறைப்பட்ட கடற்படையினர் ஒருவர் எழுதியதாக 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த பாடல் ஒன்று உண்டு. பெங்களூர்ச் சிறையில் கிடைத்த கஞ்சியோடு முல்லிகாடானியும் அதில் பேசப்படுகிறது. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி (1886) அப்பாடலை எடுத்துக்காட்டியுள்ளது. கர்னல் கென்னி ஹெர்பர்ட் 1878இல் சென்னையில் வெளியிட்ட சமையல் நூலிலும் முல்லிகாடானி இடம்பெற்றது. மேல்நாட்டு மேசைக்குப் போனபின் அதில் இறைச்சி வடிசாறும் மாவும் சேர்ந்து கெட்டியாகிவிட்டன. ரசத்தின் நீர்மையும் புளிப்பும் அங்கே தங்கவில்லை.

தமிழ் அச்சு நூல்களில், எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் (1951) வாய்வழி வந்த வீட்டு அளவுகளை வரிசைப்படுத்தி எழுதிவைத்த நூல்களுள் முதன்மையானது.

வகைகள்

ரசங்களைப் புளிப்பு, பருப்பு, சரக்குச் சேர்க்கும் முறை, மூலிகை, சூடு என்னும் ஐந்து அடிப்படைகளில் பகுக்கலாம். ஒரே ரசம் இரண்டு பகுப்பில் வருவதும் உண்டு.

புளிப்பால் அமைந்த வகைகள்: பெரும்பாலானவற்றுக்குப் புளிக்கரைசலே அடிப்படை. பழம்புளி நிறத்தைக் கறுக்கவைக்கும். புதுப்புளி இளஞ்சிவப்பாக விடும். எலுமிச்சை ரசத்தில் பழச்சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே பிழிவர், கொதித்தால் கசக்கும் என்பதால். நெல்லிக்காய் ரசத்தில் துவர்ப்பும் சேரும். மாங்காய்க் காலத்தில் வேகவைத்து மசித்த மாங்காய் புளிக்கு மாற்றாகும். மோர் ரசத்துக்குப் புளித்த மோரே சாறு. பால்பொருள் தவிர்ப்போர்க்கு இது ஆகாது. தக்காளி ரசத்தில் புளியைக் குறைத்துத் தக்காளியைக் கையால் பிசைந்து விடுவர்.

பருப்பால் அமைந்த வகைகள்: வெந்த துவரம்பருப்பின் மேல்நீரை விட்டு விளாவுவது பருப்பு ரசம். வேகவைத்த பருப்பு இல்லாமல் புளிநீரில் பொடியிட்டுச் செய்வது கொட்டு ரசம். கொங்கு நாட்டில் பெயர்பெற்றது கொள்ளு ரசம். கொள்ளை வேகவைத்து வடித்த நீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேரும். வெந்த கொள்ளு அன்றே கடைசலாகவோ சுண்டலாகவோ ஆகும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இதன் பயன் பற்றிய ஊர் நம்பிக்கையைச் சொல்கிறது. புரதமும் நார்ச்சத்தும் மிகுந்த இப்பயறு புன்செய் நிலத்தில் குறைந்த நீரில் விளைவது. ஏழை வீட்டு அடுப்புக்கும் எட்டிய உணவு என்பதால் கொள்ளு ரசத்துக்கு ரசங்களுள் தனிச்சிறப்பு உண்டு.

சரக்குச் சேர்க்கும் முறையால் அமைந்த வகைகள்: மிளகு, சீரகம், பூண்டை உரலிலோ அம்மியிலோ கரகரப்பாகத் தட்டிப் போடுவது தட்டிப்போட்ட ரசம். மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, மிளகு, சீரகத்தை வறுத்துத் திரித்து வைத்துக்கொள்வது ரசப்பொடி. வறுத்த சரக்கைத் தேங்காயோடு அன்றன்றைக்கு அரைத்துவிடுவது மைசூர் ரசம். கொங்குப் பகுதியில் மளிகைச் சரக்குகளைக் கூட்டி இடித்துச் செய்வது செலவு ரசம். பிள்ளை பெற்றவர்க்கும் சளி பிடித்தவர்க்கும் இதைத் தருவது வழக்கம். தட்டிப்போட்ட ரசத்தின் மணம் பொடியில் வராது. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் செல்கள் உடைந்து அல்லிசின் என்னும் சேர்மம் உண்டாகிறது. அதை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் அழிந்துவிடும். ஆகவே நசுக்கிய பூண்டைச் சில நிமிடம் வைத்திருந்து பின் சேர்ப்பது நல்லது.

மூலிகையால் அமைந்த வகைகள்: தூதுவளை ரசம் இருமலுக்கும், முடக்கத்தான் ரசம் மூட்டு வலிக்கும், கண்டந்திப்பிலி ரசம் உடல் அசதிக்கும் வீட்டு வைத்தியமாகக் கொள்ளப்படுகின்றன. பிரண்டையில் நாவை அரிக்கும் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், நார் நீக்கி எண்ணெயில் நன்கு வதக்கிப் புளியோடு சேர்ப்பர். வேப்பம்பூ ரசம் சித்திரை முதல் நாளுக்கு உரியது. உலர்ந்த பூவை வறுத்துக் கடைசியில் தூவுவர், கொதிக்கவிட்டால் கசப்பு மிகும். சித்த மருத்துவத்தில் திரிகடுகம் எனப்படும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த ரசமும் உண்டு.

சூடில்லா வகை: பச்சைப்புளி ரசம் அடுப்பேறாதது. புளிக்கரைசலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு ஆகியவற்றைக் கையால் பிசைந்து விடுவர். கோடைக்கு ஏற்றது. பச்சைக் காய்களின் சத்து இதில் சூட்டால் கெடாமல் கிடைக்கும்.

பந்தி வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் சாம்பாருக்குப் பின் ரசம், அதன்பின் மோர். கர்நாடகத்தில் ஸாரு முதலில் வந்து, சாம்பாரை ஒத்த ஹுளி அடுத்து வரும்.

செய்முறையும் பாத்திரமும்

நான்கு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளி, முக்கால் லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், ஐந்து பல் பூண்டு போதும். பருப்பை மஞ்சள்தூளோடு குழைய வேகவைக்க வேண்டும். புளிக்கரைசலை உப்பிட்டுப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட்டு, தட்டிய சரக்கையும் பருப்பு நீரையும் சேர்த்து அடுப்பைத் தணிக்க வேண்டும். விளிம்பில் நுரை கட்டி மேலெழும்பும்போது இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்த ரசம் மணமிழந்து கடுக்கும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயத்தை நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழை தூவி மூடிவைக்கலாம்.

கும்பகோணம் வட்டாரத்து ஈயச்சொம்பு ரசத்துக்கென்றே அமைந்த பாத்திரம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு அந்த அளவை எட்டாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் வழிந்துவிடும். காரீயம் கலந்த சொம்பு நஞ்சு என்பதால், தூய வெள்ளீயம் என்று உறுதியாகத் தெரிந்ததையே வாங்க வேண்டும்.

அழற்சியும் ரசமும்

அழற்சி என்பது காயத்தையும் தொற்றையும் எதிர்த்து உடல் காட்டும் தற்காப்பு. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்னும் நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் செல்சஸ் வகுத்தார். காயம் ஆறியதும் அடங்கவேண்டிய இது, அடங்காமல் சிறு அளவில் நீடிக்கும்போது இதய நோய், நீரிழிவு, மூட்டு நோய் ஆகியவற்றோடு தொடர்புறுகிறது. பயறு, காய், கீரை, கனி, முழுத்தானியம் மிகுந்த உணவு அதைக் குறைக்க உதவுகிறது.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் 1815இலும், மிளகின் காரப்பொருளான பைப்பரின் 1819இலும் பிரித்தெடுக்கப்பட்டன. பைப்பரினைப் பிரித்தவர், பின்னாளில் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்த டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட். குர்குமினைத் தனியே உண்டால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினரின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, மனித உடலில் கிடைக்கும் குர்குமினின் அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சளையும் மிளகையும் ஒன்றாகச் சேர்க்கும் வீட்டுப் பழக்கத்துக்கு இது ஆதரவானது.

ஆயினும் அளவை மறக்கலாகாது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். மேற்சொன்ன அரைத் தேக்கரண்டியில் ஒருவர் பங்குக்கு வருவது 10 மில்லிகிராமை ஒட்டியதே. ஆய்வில் தந்த அளவுக்கு இது வெகு தொலைவு. மிளகில் பைப்பரின் 5 முதல் 9 சதவீதம் இருப்பதால், ஒருவர் பங்கான அரை கிராம் மிளகிலேயே 25 மில்லிகிராமுக்குக் குறையாமல் உள்ளது. பைப்பரின் நீரில் எளிதில் கரையாது. பெரும்பகுதி மண்டியில் தங்கும். ஆதலால் தெளிவை மட்டும் ஊற்றாமல் கலக்கி ஊற்றுவதே முறை. ரசம் மாத்திரைக்கு மாற்று அல்ல. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேரும் நல்லுணவு என்பதே அதன் பெருமை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும், வயிற்றுப்புண் உள்ளவர்கள் புளியையும் மிளகையும் குறைக்க வேண்டும். பைப்பரின் சில மருந்துகள் உடலில் செயல்படும் அளவை மாற்றுவதால், அதன் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உண்ணக்கூடாது.

கோசுமல்லி

விருந்து இலையில் ரசத்தோடு இடம்பெறும் சமைக்காத காய்க்கலவை கோசுமல்லி. கன்னடத்தில் கோசம்பரி. பாசிப்பருப்பை அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரிக்காய், துருவிய கேரட், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கடுகு தாளிப்பர். உப்பை முன்பே போட்டால் வெள்ளரி நீர் விட்டுவிடும் என்பதால் பரிமாறும்போது இடுவர். ராமநவமியில் பானகம், நீர்மோருடன் வழங்கப்படுகிறது. செட்டிநாட்டில் இதே பெயரால் வழங்குவது இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்ப் பண்டம், அது வேறு. சூடான ரசச்சோறும் பச்சையான கோசுமல்லியும் சேரும்போது பருப்பும் காயும் சரக்கும் ஒரே வேளையில் கிடைக்கின்றன.

இன்றைய நிலை

பொட்டலப் பொடியாகவும் பசையாகவும் ரசம் கடைகளில் விற்கிறது. உணவகங்களில் சூப்பாகக் கோப்பையில் தரப்படுகிறது. மலேசியா, சிங்கப்பூர் வாழையிலைச் சாப்பாட்டிலும் உண்டு.