கார்ட் பந்தயத் தடங்கள்

கார்ட் எனப்படும் தாழ்வான, கூரையற்ற சிறு வண்டிகள் போட்டியிடும் ஓடுதளங்கள். குறுந்தடம், நெடுந்தடம், மண் நீள்வட்டம், தற்காலிகத் தடம், உள்ளரங்கத் தடம் என இவை வகைப்படும். பந்தயக் கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் உட்புறப் பின்சக்கரம் சற்றே மேலெழுந்தால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். அதனால் தளத்தின் வழவழப்பும் வளைவின் அமைப்பும் வண்டியின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன.

தோற்றம்

1956இல் தெற்குக் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ், லூ பொரெல்லி இருவரும் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி முதல் கார்ட்டை உருவாக்கினர். பாசடீனா நகரின் ரோஸ் பவுல் விளையாட்டரங்க வாகன நிறுத்துமிடமே தொடக்கக்கால ஆர்வலர்களின் களம். விரைவில் அசூசாவில் கார்ட்டுக்கென்றே தனித்தடம் அமைந்தது. 1962இல் பன்னாட்டு கார்ட் ஆணையம் (சி.ஐ.கே.) தோன்றியது, 1964இல் முதல் உலகப் போட்டி ரோமில் நடந்தது. வென்றவர் இத்தாலியரான குய்டோ சாலா.

வகைகள்

குறுந்தடம்: தார்த்தளம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இருபுறமும் திரும்பும் நெருக்கமான வளைவுகள். பிரேக் பிடிக்கும் இடத்தையும் வளைவின் உள்விளிம்பைத் தொடும் கோட்டையும் இளம் ஓட்டுநர்கள் பழகுவது இங்கேதான். மைக்கேல் ஷூமாக்கர் ஜெர்மனியின் கெர்பென் தடத்திலும், அயர்ட்டன் சென்னா சாவோ பாவ்லோவின் இன்டர்லாகோஸ் தடத்திலும் வளர்ந்தவர்கள்.

நெடுந்தடம்: கார்ப் பந்தயங்களுக்கான பெரிய ஓடுதளம். நீண்ட நேர்ப்பாதைகளில் காற்றின் எதிர்ப்பே முதல் தடை. ஆகவே ஓட்டுநர் மல்லாந்து படுத்த நிலையில் ஓட்டுவார். 250 சி.சி. சூப்பர்கார்ட்டுகள் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும்.

மண் நீள்வட்டம்: அமெரிக்காவில் வேரூன்றியது. திருப்பம் இடப்பக்கம் மட்டுமே. எனவே ஓட்டுநரின் இருக்கையை இடப்புறம் ஒதுக்கி, வலப்புறப் பின்சக்கரத்துக்குச் சுற்றளவு கூடிய டயரைப் போடுவார்கள். களிமண்ணில் நீர் தெளித்து இறுக்குவார்கள். ஈரம் உலர உலர, டயர் ரப்பர் படிந்த கருங்கோடு ஒன்று தெளியும். பிடிமானம் அங்கேதான் மிகுதி. ஒரே நாளில் தடம் பலமுறை மாறுவதால், டயரைத் தேர்ந்தெடுப்பதே வெற்றியில் பாதி.

தற்காலிகத் தடம்: தெருவிலோ வாகன நிறுத்துமிடத்திலோ தடுப்புகளை அடுக்கி அமைப்பது. லாஸ் வேகஸின் ரியோ ஹோட்டல் வாகன நிறுத்துமிடத்தில் அமெரிக்காவின் பெரும் போட்டியான சூப்பர்நேஷனல்ஸ் பல ஆண்டுகள் நடந்துள்ளது.

உள்ளரங்கத் தடம்: பழைய கிடங்குகளில் வாடகைக் கார்ட்டுகளுக்காகப் பெருகியது. புகையின் தொல்லை மின்கார்ட்டுகளால் நீங்கியது.

இந்தியாவில்

கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரர் எஸ். கரிவரதனின் பெயர் தாங்கியது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கார் பந்தயத் தடத்தின் அருகே கார்ட்டுக்கென மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா அமைந்துள்ளது. சிறுவர்கள் தொடக்கத்திலேயே பன்னாட்டுத் தரமான குறுந்தடத்தில் பழகுவதற்கு இத்தகைய தனித்தடங்களே வழி.