ஏணை கட்டும் வளை: அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பிள்ளை தூக்குதலும் தாய்வழி வீடும்

ஆபிரிக்காவின் பல பகுதிகளிலும் அந்தீஸ் மலைநாட்டிலும் தாய் தன் பிள்ளையைத் துணியால் முதுகோடு கட்டிக்கொள்கிறாள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கத்தில் அது வழக்கமில்லை. துணி இங்கும் உண்டு, உம்மாவின் பழஞ்சேலை. ஆனால் அது வீட்டுக் கூரை வளையில் கட்டப்பட்டு, பிள்ளையைக் கிடத்தி ஆட்டும் ஏணையாகிறது. கழுத்து நிற்கும்வரை பிள்ளை மடியிலும் தோளிலும் கிடக்கும். நின்றபின் இடுப்புக்கு ஏறும். உடம்பில் கட்டவேண்டிய துணி கூரைக்குப் போனது ஏன்? தூக்கக் கைகள் பல இருந்தன என்பது எளிய விடை. அக்கைகளைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருந்தது வீட்டுரிமை ஒழுங்கு என்பதே என் வாதம். பாசம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை வைத்து இவ்வேறுபாட்டை விளக்க முடியாது.

இக்கரையில் தமிழரைப் போலவே முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியே எண்ணுகின்றனர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. மகளுக்கு வீடு சீதனம். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், இளைய பெண்மக்களோடு அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீட்டுக்கு நகருவர். தமிழகத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் சில மாதங்களில் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இங்கே போவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. நாற்பது நாள் கழிந்த பின்னும் பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் மூத்தம்மா (உம்மாவின் தாய்), ஏணை ஆட்டும் சாச்சி, பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு அவித்து அனுப்பும் பெரியம்மா எல்லாரும் வேலிக்கு அப்பால்தான் இருக்கிறார்கள்.

மலையகத் தோட்டங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையைத் தோட்டக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கிறாள். வீட்டு ஒழுங்கு தராத கையைத் தோட்ட நிர்வாகம் தன் தேவைக்காக ஏற்படுத்திக்கொடுத்தது.

தாய்-சேய்ப் பிணைப்பைக் கோட்பாடாக்கிய ஜோன் பௌல்பி, 1958இல் எழுதிய கட்டுரையில் குழந்தையின் பற்று முதன்மையாக ஒருவரையே நாடும் என்றார். மேரி எயின்ஸ்வொர்த் 1954–55இல் உகண்டாவில் பார்த்த குழந்தைகளோ தாயோடு வேறு சிலரிடமும் பற்று வைத்திருந்தன. 1967இல் அவரது நூல் வந்த பின்னரும், மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்கள் ஒற்றைத் தாயையே பிடித்துக்கொண்டன. அமெரிக்க மருத்துவர் வில்லியம் சியர்ஸ் பரப்பிய தோள்துணி அந்தத் தாய்க்கானது. தனி வீட்டில், உதவிக்கு ஆளின்றி இருப்பவளுக்கானது. அவளுக்கு அது நல்ல ஏற்பாடுதான். அதையே மனித இயல்பு என்று சொல்வதில்தான் பிழை. மனிதக் குழந்தை பலர் கையில் வளரவே பரிணமித்தது என்று சாரா ஹெர்டி 2009இல் வாதிட்டார். கல்முனை மூத்தம்மாமாருக்கு இது புதுச் செய்தியல்ல.

இதைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. கைகள் பல என்றாலும் அத்தனையும் பெண்களின் கைகள். எட்டு வயது ராத்தா இடுப்பில் தம்பியைச் சுமந்த நேரம் அவள் படிப்பிலிருந்து எடுத்த நேரம். கிழக்கில் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்த காஞ்சனா ருவன்புர, தாய்வழிச் சமூகத்துக்குள்ளும் ஆணாதிக்கம் நிலைப்பதை 2006இல் காட்டினார். வீடு பெண் பெயரில் இருப்பதால் அதிகாரமும் அவளிடம் இருக்கிறது என்று ஆகாது. ஆனாலும் பிரசவித்தவளைத் தனிமையிலிருந்து அந்த வீட்டு ஒழுங்கு காத்தது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்ந்தாலும், அதற்குள் பலர் உட்பக்கத் திட்டங்களுக்குப் பெயர்ந்திருந்தனர். அங்கே வீடு ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒற்றைப் பெயருக்கு, பெரும்பாலும் கணவன் பெயருக்கு, எழுதப்பட்டது. பயனாளிப் பட்டியலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. மூத்தம்மாவுக்கும் சாச்சிக்கும் பக்கத்து வீடு கிடைக்க வேண்டும் என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை. உறுதியில் பெயர் மாறியதைப் பெண்ணுரிமை ஆய்வாளர்கள் அப்போதே கண்டித்தார்கள். அதனால் கைக்குழந்தையின் நாள் எப்படி மாறியது என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கடலுக்கும் வயலுக்கும் இடையே காணி குறைந்துவிட்ட கல்முனைக் கரையில் இன்று சீதன வீடு மேல்நோக்கி வளர்கிறது. கீழே மூத்தவள், மேலே இளையவள். கொங்கிறீட் தட்டில் வளை இல்லாததால், ஏணைக்கென்று வார்க்கும்போதே ஒரு கொழுக்கியைப் பதித்துவிடுகிறார்கள். ஆட்டுகிறவர் மட்டும் முழங்கால் வலியோடு இருபது படி ஏற வேண்டும்.