நாகர் வாழ்ந்த மலை



மலைநாட்டில் அடைமழை என்றால் கிராண்ட்பாஸில் வசிப்பவர்கள் வானொலிச் செய்தியைச் சற்றுக் கூடுதல் கவனத்துடன் கேட்பார்கள். நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. 2016 ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னர் இந்தக் கவனம் இன்னும் கூடிவிட்டது.

அப்படியான ஒரு மழைநாளில் என் பேரன் ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டோல்கீன் 1937 இல் வெளியிட்ட ‘தி ஹொபிட்’ அது. தனித்து நிற்கும் ஒரு மலை; அதனுள்ளே பொற்குவியலின்மேல் படுத்திருக்கும் ட்ரகன்; கடைசியில் ஒரு வில்லாளியின் கறுப்பு அம்பு பாய்ந்து அது மடிகிறது. வாசித்து முடித்தவன், “தாத்தா, நம்ம ஆக்கள்ட கதையில ட்ரகன் மலை ஒண்டும் இல்லையா?” என்று கேட்டான். இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது என்றேன். அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பௌத்த நூல்களைச் சீன மொழியில் பெயர்த்தவர்கள், ‘நாகம்’ என்ற சொல்லுக்கு அங்கு வழங்கிய ‘லுங்’ என்ற சொல்லையே இட்டார்கள். மேலைநாட்டார் ட்ரகன் என்று அழைக்கும் அதே லுங்தான். நம்முடைய நாகராசன் அங்கே ட்ரகன் அரசனானான். நீரையும் மழையையும் புதையலையும் காக்கும் தொழில் இருவருக்கும் பொது. ஆகவே, ட்ரகன் மலையைத் தேடும் பிள்ளைக்கு நாகர் மலையைக் காட்டுவது பிழையாகாது.

முதலாவது மலை மகாவம்சத்தில் வருகிறது. கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுதப்பட்ட இந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே நாகர் வந்துவிடுகிறார்கள். கடலுக்குள் நாக இராச்சியம் ஒன்றை மகோதரன் ஆள்கிறான். அவனுடைய தங்கையைக் கண்ணாவட்டமானம் என்னும் மலையை ஆண்ட நாக அரசனுக்கு மணம் செய்து கொடுத்திருந்தார்கள். அவள் மகன் சூளோதரன். தாய்வழிப் பாட்டன் தன் மகளுக்குக் கொடுத்த மணி ஆசனம் ஒன்று யாருக்கு உரியது என்பதில் தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் போர் மூள்கிறது. ஒருபுறம் கடல் நாகர், மறுபுறம் மலை நாகர். மலை நாகரும் வல்லமையில் குறைந்தவர்கள் அல்லர் என்று நூலாசிரியர் மறக்காமல் சொல்லி வைக்கிறார்.

அந்த மலையைப் பற்றி மகாவம்சம் தருவது இவ்வளவே. மலையின் உயரமோ, அங்கிருந்த காடோ அருவியோ அதில் இல்லை. ஒரு கல்யாணத்தையும் ஒரு சீதனத்தையும் ஒரு சண்டையையும் மட்டுமே நாம் அறிகிறோம். ட்ரகன்களின் தாயகத்தில் நடப்பது நம் வீடுகளில் நடக்கும் அதே காணி வழக்குத்தான்.

நாகதீவில் நடந்த அந்தப் போருக்கு நடுவே, ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் வருகிறார் என்பது கதை. ஆகாயத்தில் நின்றபடி முதலில் பேரிருளைப் பரப்பி இரு படைகளையும் நடுங்க வைக்கிறார். பின் ஒளியைக் காட்டித் தேற்றி, ஒற்றுமையைப் பற்றிப் போதிக்கிறார். மாமனும் மருமகனும் மனமொத்து ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதில் அமர்ந்து, பின் அதை அங்கேயே வணக்கத்துக்கு உரியதாக விட்டுச் செல்கிறார். அந்தப் போருக்கு உதவ வந்திருந்த இன்னொரு நாக அரசன் மணியக்கிகன். அவன் ஆண்டது களனி. எங்கள் கிராண்ட்பாஸிலிருந்து ஆற்றைக் கடந்து சிறிது தூரம் போனால் வரும் அதே களனிதான். நாகலகம் என்ற பெயரில் நாகம் ஒலிக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். ஒலி ஒற்றுமையை நம்பி எழுதப்பட்ட வரலாறுகள் நம் நாட்டில் ஏற்கெனவே போதும். நான் இன்னொன்றைச் சேர்க்கப் போவதில்லை.

இதே ஆசனக் கதையைத் தமிழில் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையும் சொல்கிறது. மணிபல்லவத் தீவில் இருந்த பீடத்துக்காக நாகநாட்டு அரசர் இருவர் பொருகிறார்கள். பீடத்தைத் தூக்கிச் செல்லவும் முடியவில்லை, அதன்மேல் வைத்த பற்றை விடவும் முடியவில்லை. அங்கும் புத்தரே வந்து சண்டையைத் தீர்க்கிறார். மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்ளும் அறிஞர் பலர். பாளியும் தமிழும் ஒரே கதையைத் தத்தம் வழியில் பேணி வைத்திருக்கின்றன என்பதே நாம் இங்கு மனங்கொள்ள வேண்டியது.

இரண்டாவது மலைக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் 1898 இல் பதிப்பித்து நம் கையில் தந்த மணிமேகலையில், ஆதிரை பிச்சையிட்ட காதையில் அது வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவன், கணிகை ஒருத்தியிடமும் சூதாட்டத்திலும் பொருளை எல்லாம் தொலைத்தவன். மனைவி ஆதிரையை விட்டுவிட்டு வணிகருடன் கப்பலேறுகிறான். புயலில் கப்பல் உடைகிறது. ஒடிந்த பாய்மரத் துண்டொன்றைப் பற்றிக்கொண்டு மிதந்தவனை அலைகள் கொண்டுபோய் ஒதுக்கும் இடம், ஆடையின்றித் திரியும் நாகர் வாழும் ஒரு மலை.

களைப்பில் மரநிழலில் உறங்குகிறான் சாதுவன். நாகர் அவனைக் காண்கிறார்கள். தனியே வந்து சேர்ந்த இவன் உடம்பு நமக்கு நல்ல உணவு என்று அவனை எழுப்புகிறார்கள். மேலைநாட்டுக் கதையானால் இந்த இடத்தில் வாளுக்கோ வில்லுக்கோ வேலை வந்திருக்கும். சாத்தனார் வேறொன்றைச் செய்கிறார். சாதுவன் நாகரின் மொழியை முன்பே பிழையறக் கற்றிருந்தான். அவர்கள் பேச்சிலேயே அவன் பேசியதும், தின்ன வந்தவர்கள் விலகி நின்று மரியாதையுடன் தங்கள் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள்.

தலைவன் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கள் காய்ச்சும் பானைகள், உலர்ந்து கிடக்கும் எலும்புகள், புலால் நாற்றம். நடுவே ஆண் கரடி தன் துணையுடன் இருப்பதுபோல மனைவியுடன் வீற்றிருக்கிறான் அவன். ட்ரகனின் குகைக்கு இதைவிட நல்ல வருணனை வேண்டுமா? ஆனால் அந்தக் குகையில் நடப்பது ஓர் உரையாடல். தலைவன் தன் வழக்கப்படி விருந்தினனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். இவையில்லாமல் உலகில் என்ன இன்பம் என்று தலைவன் சினக்கிறான். செத்த பின் உயிர் எங்கோ போகிறது என்கிறாயே, எப்படி என்று சிரிக்கிறான். உறங்கும்போது உடம்பு இங்கே கிடக்க, நாம் கனவில் வேறெங்கோ போய் வருகிறோமே என்று சாதுவன் விளக்குகிறான்.

இந்தக் காட்சியின் சிறப்பு தலைவன் அடுத்துக் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. கள்ளையும் ஊனையும் விட்டால் நாங்கள் எப்படி உயிர் வாழ்வது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்கிறான் அவன். சாதுவனும் பிடிவாதம் பிடிக்கவில்லை. கப்பல் உடைந்து கரையேறுபவர்களைக் கொல்லாதே. மூத்துத் தானாக இறந்த விலங்கின் ஊனைத் தவிர வேறு உயிரைக் கொன்று தின்னாதே என்று, அந்த மலையில் வாழ்பவர்களால் கைக்கொள்ளக்கூடிய அளவிலேயே அறத்தைச் சொல்கிறான். தலைவன் ஒப்புக்கொண்டு, முன்பு மரக்கலம் உடைந்து வந்தவர்களைத் தின்று சேர்த்த சந்தனம், அகில், துணி, செல்வம் எல்லாவற்றையும் அவன் முன் குவிக்கிறான். ட்ரகனின் புதையல் கைமாறுகிறது, யாரும் சாகவில்லை. சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் சாதுவன் ஊர் திரும்புகிறான்.

இந்த மலை எங்கே இருந்தது? ஆடையற்றோர் என்ற குறிப்பைக் கொண்டு நிக்கோபார்த் தீவுகளைச் சுட்டியவர்கள் உண்டு. முதலாம் இராசேந்திரன் 1025 அளவில் கடல் கடந்து வென்ற இடங்களுள் ஒன்றாக வரும் நக்கவாரம் அதுவே என்பர். நாகர் என்போர் உண்மையில் வாழ்ந்த மக்கள் என்று வாதிட்டு, முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்ற பொருளில் ஆங்கில நூல் ஒன்றை எழுதினார். 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் நாகதீவின் பெயர் பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கதையில் வந்த தீவு, ஓர் அமைச்சர் நிர்வகித்த உண்மையான நிலப்பகுதியாக அங்கே நிற்கிறது.

பெயர்களும் சாட்சி சொல்கின்றன. அநுராதபுரத்து அரச வரிசையில் மகாநாகன், சோரநாகன், இளநாகன், சிறிநாகன், அபயநாகன் என்று நாகர் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. சங்கப் புலவர் வரிசையிலோ முரஞ்சியூர் முடிநாகராயர், மதுரை மருதன் இளநாகனார் முதலியோர் இருக்கிறார்கள். அநுராதபுரத்தில் அரசன் பெயர் இளநாகன், மதுரையில் புலவர் பெயர் இளநாகனார்! நாகர் எங்கே போனார்கள் என்று தேடுகிறோம். அவர்கள் எங்கும் போகவில்லை. சிங்களவருக்குள்ளும் தமிழருக்குள்ளும் கலந்துவிட்டார்கள். இந்நாட்டுச் சிங்களவரும் தமிழரும் பொதுவான முன்னோரைக் கொண்டவர்கள் என்று பேராசிரியர் கா. இந்திரபாலா தம் பிற்கால ஆய்வில் எடுத்துக்காட்டியதை நம் இரு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

நயினாதீவில் இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அந்தக் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல்கள் உடைந்தால் பொருளில் நாலிலொரு பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொண்டு மிகுதியை உடையவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள கட்டளைகளில் ஒன்று. கட்டளையிட்டவன் பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு. கட்டளையின் மொழி தமிழ். கப்பல் உடைந்தவனைக் காப்பாற்று என்று சாதுவன் நாகர் தலைவனிடம் கேட்டதை, நாகர் தீவில் ஓர் அரசன் சட்டமாக எழுதி வைத்ததுபோல எனக்குத் தோன்றுகிறது. அங்கே வந்து போனவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுத அவன் தயங்கவில்லை.

நேயர்களே, நாகர் யாருடைய முன்னோர், ஆசனம் யாருடையது, யார் முதலில் வந்தவர் என்று நாம் நெடுங்காலம் வழக்காடிவிட்டோம். 1956 இல் ஒரு மொழிக்கு மட்டும் ஆசனம் போட்டோம். 1983 ஆடியில் எங்கள் வீதிகளில் எரிந்தவை நூல்களில் வரும் மலைகள் அல்ல, அயலவரின் வீடுகள். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் பக்கத்து வீட்டாரின் மொழியைப் பிழையறக் கற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பேரன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். “அப்ப சாதுவன்ட கையில ஆயுதமே இல்லையா?” இருந்தது மகனே, அவன் அதைக் கப்பலேறுவதற்கு முன்பே படித்து வைத்திருந்தான் என்றேன்.