பெருங்கணனியும் மறையாக்கமும்: திறப்புக் காத்த வரலாறு

கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளிற் பயின்றோர் 'சைபர்' என்னும் சொல்லைச் சிறிது அச்சத்தோடு அறிந்திருப்பர். கணக்குத் தாளின் மேல்மூலையிற் சிவப்பு மையினால் இடப்படும் வட்டத்துக்கு நம்மவர் வழங்கும் பெயர் அது. வெறுமை எனப் பொருள்படும் 'ஸிப்ர்' என்னும் அறபுச் சொல் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, அங்கு முதலிற் சுழியையும், பின்னர் எண்களையும், ஈற்றில் மறையெழுத்தையும் குறிக்கலாயிற்று. அச்சொல்லே ஆங்கிலத்தின் வழியாக மீண்டும் நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. வங்கிகளின் பெருங்கணனிகளில் இன்று நிகழும் மறையாக்கத்துக்கும் நம் பிள்ளைகள் பெற்ற சுழிக்கும் பெயரளவில் ஓர் உறவுண்டு என்பது வேடிக்கையே. 'மெயின்பிரேம்' எனப்படும் பெருங்கணனிகளில் தரவுகளை மறைத்துக் காக்கும் முயற்சி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அம்முயற்சியின் உண்மையான இடர் எங்குள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைத்துக் கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியை நன்னூலார் கொண்டனர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றலும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். இக்குறிகளின் வலிமை குழுவினரின் வாயடக்கத்திலேயே தங்கியுள்ளது. ஒருவன் உளறிவிடின் சொற்றொகுதி முழுவதும் பயனற்றதாகும். வேறு சொற்களைப் புதிதாகக் கற்பித்தல் வேண்டும்.

இக்கரையோர முஸ்லிம்கள் வழிவழியாகப் பேணிவந்த அறபுத் தமிழையும் ஒருவகை மறைமொழியெனக் கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. தமிழொலிகளுக்கெனச் சில எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டு அறபு எழுத்திலே தமிழை எழுதியோர், குர்ஆன் ஓதப் பழகிய பெண்டிரும் சிறாரும் மார்க்க விடயங்களைத் தம் தாய்மொழியிலேயே படித்தறிய வேண்டும் என்பதற்காக எழுதினர். மறைத்தற்கன்று, பரப்புதற்கே எழுதினர். அன்றியும், ஓரெழுத்துக்குப் பதிலாக மற்றோர் எழுத்தை இடுவதனால் மட்டும் மறைவு உண்டாகிவிடாது. இதனை முதன்முதலில் ஒழுங்குபட விளக்கியவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி ஆவார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகமாகப் பயில்கிறது, எது அருகி வருகிறது என எண்ணி வைத்துக்கொண்டால், உருமாற்றி எழுதப்பட்ட மடலிலும் அதே எண்ணிக்கை முறை தலைகாட்டும். அதனைக் கொண்டே மடலைப் படித்துவிடலாம் என்பது அவர் கண்ட உண்மை. தமிழுக்கு இம்முறை இன்னும் எளிதாகப் பொருந்தும். ககரமும் தகரமும் மிகுந்து வருதலும், ஙகரம் அருகி வருதலும், மொழிக்கு முதலில் வாரா எழுத்துக்கள் இவையென இலக்கண நூல்கள் வரையறுத்திருத்தலும் மறைகுலைப்போனுக்குப் பேருதவியாகும். தொல்காப்பியர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்!

எனவே, எழுத்தை மாற்றும் முறையை மறைப்பதிற் பயனில்லை என்னும் தெளிவு நாளடைவில் ஏற்பட்டது. 1883 இல் கேர்க்ஹொவ்ஸ் என்பார் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் இடரில்லை. திறப்பு ஒன்றே இரகசியமாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். திறப்பு என்பது இங்கு இரும்பாலானதன்று. எண்களின் ஒரு கோவை. குழூஉக்குறிக்கும் மறையாக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். குறி வெளிப்பட்டால் மொழியையே மாற்றுதல் வேண்டும். திறப்பு வெளிப்பட்டாலோ திறப்பை மாற்றி, காப்புக்குரியவற்றைப் புதிய திறப்பினால் மீள மறைத்தல் போதும். பிற்காலத்துப் பெருங்கணனி மறையாக்கம் முழுவதும் இவ்விதியின் மேலேயே எழுந்தது.

1960களில் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் தம் பேரேடுகளைப் பெருங்கணனிகளுக்கு மாற்றலாயின. அறை முழுவதையும் நிறைத்து நின்ற ஒரு பொறியினுள் இலட்சக்கணக்கானோரின் கணக்குகள் குவிந்தன. முன்னர் ஒரு பேரேட்டைத் திருடுவதற்கு வண்டி வேண்டும். இப்போது ஒரு காந்த நாடாச் சுருள் போதும். தொலைபேசிக் கம்பி வழியே தொலைவிலுள்ள முனையங்கள் பொறியோடு இணைக்கப்பட்டபோது, அச்சுருளுங்கூட வேண்டியதாக இருக்கவில்லை.

இந்நிலையில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஹோர்ஸ்ட் பைஸ்டல் என்பவர் 'லூசிபர்' என்னும் மறையாக்க முறையை உருவாக்கினார். 1915 இல் பேர்லினிற் பிறந்து 1934 இல் அமெரிக்கா சென்றவர் இவர். இவருடைய அமைப்பு மருதமுனைத் தறியை நினைவூட்டுவது. தரவுத்துண்டு இரு பாதியாகப் பிரிக்கப்படும். ஒரு பாதி திறப்போடு கலந்து உருக்குலைக்கப்பட்டு மற்றப் பாதியோடு சேர்க்கப்படும். பின் இரு பாதிகளும் இடம் மாறும். இவ்வாறு பலமுறை நிகழும். நெய்த புடைவையைப் பிரிப்பவன் கடைசி இழையிலிருந்து தொடங்குவது போல, மறைத்ததை மீட்பவனும் அதே படிகளைப் பின்னிருந்து முன்னாகச் செய்தால் மூலம் கிடைத்துவிடும். எந்த இழை எவ்வழி சென்றது என்பதைத் திறப்பு அறிந்தவனே அறிவான். இம்முறையின் ஒரு வடிவம் இங்கிலாந்தின் லொயிட்ஸ் வங்கி 1972 இல் நிறுவிய பணம் வழங்கும் இயந்திரங்களுக்கும் வங்கியின் கணனிக்கும் இடையிலான செய்திகளைக் காப்பதற்குப் பயன்பட்டது.

அமெரிக்க நியமப் பணியகம் 1973 இலும் 1974 இலும் ஒரு பொது மறையாக்க முறைக்கு அழைப்பு விடுத்தபோது, லூசிபரின் வழிவந்த முறையொன்றை ஐ.பி.எம். சமர்ப்பித்தது. 1977 இல் அது 'டெஸ்' என்னும் நியமமாயிற்று. அதன் திறப்பின் நீளம் 56 துணுக்கு மட்டுமே. லூசிபரில் அது 128 வரை இருந்தது. இக்குறுக்கத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் கை இருந்ததென்னும் ஐயம் அன்றே எழுந்தது. டிபியும் ஹெல்மனும், இரண்டு கோடி டொலர் செலவில் ஒரு பொறி செய்தால் எல்லாத் திறப்புக்களையும் முயன்று பார்த்துவிடலாம் என 1977 இல் எழுதினர். இயலக்கூடிய திறப்புக்களின் தொகை 72,057,594,037,927,936 ஆகும். எண்ணைக் கண்டு மலைப்பது மனிதரே, பொறிகள் மலைப்பதில்லை. 1998 இல் இரண்டரை இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவிற் கட்டப்பட்ட பொறியொன்று 56 மணித்தியாலத்தில் திறப்பைக் கண்டுபிடித்தது. பெல்ஜியத்து அறிஞர் இருவரின் முறை 2001 இல் 'ஏஈஎஸ்' என்னும் பெயரிற் புதிய நியமமாக, டெஸ் 2005 இல் மீளப் பெறப்பட்டது. முகவரகத்தின் மீதான ஐயத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. டெஸ்ஸின் உள்ளமைப்பிற் காணப்பட்ட, காரணம் சொல்லப்படாத சில தெரிவுகள் அதனை வலுவிழக்கச் செய்யவென்றே புகுத்தப்பட்டவை எனப் பலர் கருதினர். அவை ஒருவகைத் தாக்குதலுக்கு எதிரான அரண்களாகவே இருந்தமை 1990களில் தெரியவந்தது. நீளத்தைப் பொறுத்தவரை ஐயப்பட்டோர் வென்றனர். அமைப்பைப் பொறுத்தவரை தோற்றனர்.

டெஸ்ஸின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வழக்கோடு நின்றுவிடுகின்றனர். ஆயின், பெருங்கணனியில் மறையாக்கத் திட்டமொன்றை நடாத்துவோர்க்கு உண்மையான தொல்லை வேறிடத்தில் உண்டு. தரவை மறைத்தாயிற்று, மறைத்த திறப்பை எங்கே வைப்பது? அதே கணனியில் வைத்தால், பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை அதன் மேலேயே வைத்ததாக முடியும். வேறொரு திறப்பினால் இத்திறப்பை மறைக்கலாம் என்றால், அந்த வேறொன்றை எங்கே வைப்பது? இவ்வினாவுக்கு 1978 இல் ஐ.பி.எம். பொறியியலாளர் தெளிவான விடையொன்றை வெளியிட்டனர். எல்லாத் திறப்புக்களுக்கும் மேலாகத் தலைமைத் திறப்பு ஒன்று இருக்கும். அது பிரத்தியேகமான வன்பொருளுள் மட்டும் வாழும். ஒருமுறை உள்ளே சென்றபின் எந்த நிரலினாலும் அதனைப் படித்தெடுக்க இயலாது. ஏனைய திறப்புக்கள் அதனால் மறைக்கப்பட்ட நிலையிலேயே வெளியிற் கிடக்கும். நிரல் எழுதுவோன் திறப்பைப் பயன்படுத்துவானேயன்றி, அதன் உருவைக் காணான்.

அத்தலைமைத் திறப்பை முதன்முதலில் உள்ளே இடுவது எவ்வாறு? அது மனிதர் செய்யவேண்டிய காரியம். திறப்பைக் கூறாக்கி, வெவ்வேறு அலுவலர் கையில் ஒவ்வொரு கூற்றை ஒப்படைத்து, ஒருவர் பின் ஒருவராக இடச்செய்து, உள்ளே ஒன்றுசேர்க்கும் வழக்கம் நிலைபெற்றது. ஒரு கூற்றை மட்டும் அறிந்தவர் முழுத் திறப்பைப் பற்றி எதனையும் அறியார். வங்கிக் கிளையின் இரும்பறையை இரு அலுவலர் தத்தம் திறப்போடு கூடினாலன்றித் திறக்கவியலாத ஏற்பாட்டை அறிந்தோர்க்கு இது விளங்குதல் எளிது.

2017 இல் ஐ.பி.எம். வெளியிட்ட இசட்-14 பெருங்கணனி, பிரயோக நிரல்களை மாற்றாமலே கோப்புக்களை முழுமையாக மறைக்கும் வசதியை அளித்தது. விளம்பரத்தைப் படிப்போர்க்கு ஒரு பொத்தானை அமுக்கினால் யாவும் முடிந்துவிடும் எனத் தோன்றும். நடைமுறை அவ்வாறன்று. எந்தக் கோப்பில் எவருடைய விபரம் உள்ளது என்பதையே பல நிறுவனங்கள் முதலிற் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். புதிதாக உருவாகும் கோப்புக்களே மறைந்த நிலையிற் பிறக்கும். பழையனவற்றைப் படியெடுத்து மாற்றுதல் வேண்டும். சுருக்கும் வேலை மறைப்பதற்கு முன் நிகழாவிடின் பின் பயனில்லை. மறைத்த தரவு சுருங்காது. கோப்பை இடம் மாற்றும் அலுவலர்க்கு அதனைப் படிக்கும் உரிமை வேண்டியதில்லை என்பது இத்திட்டத்தின் சிறந்த பேறு. நாடாவைச் சுமப்பவன் அதன் உள்ளடக்கத்தை அறியவேண்டிய காலம் இதனோடு கழிந்தது.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் காக்கும் வழிகளுள் மறையாக்கத்தையும் பெயர்சுட்டிக் கூறுகின்றது. வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் நிறைந்த சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை போன்ற ஊர்களுக்கு இது ஏட்டளவிலான செய்தியன்று. எந்த வீட்டுக்கு எம்மாதத்தில் எவ்வளவு வந்தது என்பது அயலவர் அறியத்தகாத செய்தி. சில வேளை உறவினரும் அறியத்தகாதது.

எனினும், இக்கரையோரம் வெளிப்படுதலை மட்டுமன்றி இழத்தலையும் அறிந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எஞ்சியோரிற் பலரின் றங்குப் பெட்டிகள் அலையோடு போயின. பெட்டியோடு காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் வங்கிப் புத்தகங்களும் போயின. அவற்றை எவரும் திருடவில்லை; எவரும் படிக்கவுமில்லை. ஆயினும், நிலத்துக்குரியவர் தம் நிலம் தமதே என நிறுவ அலைய வேண்டியவராயினர். பதிவகத்திலோ வங்கியிலோ மற்றொரு படி இருந்தவிடத்து அவ்வலைச்சல் குறைந்தது.

மறையாக்கத் திட்டங்களின் மிகப்பெரிய இடர் இவ்வகையினதே. திறப்பைத் தொலைத்த நிறுவனத்தின் தரவு கடல் கொண்ட உறுதிக்கு ஒப்பானது. ஒருவகையில் அதனினும் கொடியது. கோப்பு முழுமையாகக் கண்முன் கிடக்கும், ஓரெழுத்தையேனும் படிக்கவியலாது. 56 துணுக்குத் திறப்பையாவது முயன்று கண்டுவிடலாம். இன்றைய 256 துணுக்குத் திறப்பை எந்தப் பொறியாலும் அவ்வாறு காண இயலாது. களவாணியைத் தடுக்கும் அதே வலிமை உரியவனையும் தடுத்துவிடும். ஆகவேதான் தலைமைத் திறப்பின் கூறுகளுக்கு மாற்றுப் படிகள் ஆக்கப்பட்டு, உறையிட்டு முத்திரை பொறிக்கப்பட்டு, வேறோர் ஊரின் பெட்டகத்தில் வைக்கப்படுகின்றன. அனர்த்தத்தின்போது பயன்படவேண்டிய மாற்றுக் கணனியிலும் அதே திறப்பை முன்கூட்டியே இட்டு, கோப்புக்கள் திறக்கின்றனவா எனக் குறித்த காலத்துக்கொருமுறை ஒத்திகை பார்க்கின்றனர். திறப்பை மாற்றிய பின்னரும் பழைய திறப்பை எறிந்துவிடல் இயலாது. பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட நாடாவை நீதிமன்றம் ஒருநாள் கேட்கலாம். அந்நாடா இருக்குமளவும் அதன் திறப்பும், அத்திறப்பின் கூறுகளை ஏற்றுக் காக்கும் மனிதரும் இருந்தாக வேண்டும். ஓய்வுபெற்றுச் செல்லும் அலுவலர், தம் கூற்றைப் பின்வருபவரிடம் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைத்துக் கையொப்பமிட்ட பின்னரே விடைபெறுவர்.